மீதி எவ்வளவு

ஆறாம் நாள். கட்டில் ஏழு.
மூக்குக் குழாயில் பெரிய சிறிஞ்சைப் பொருத்தி
நில்மினி இழுக்கிறாள்.
காலையிலிருந்து ஊட்டிய பால்
ஊட்டியபடியே திரும்பி வருகிறது,
கொஞ்சம் பித்தப் பச்சை சேர்ந்து.
"கீயத?"
"பன்சிய விஸ்ஸ."
ஐந்நூற்று இருபது என்று
மீதிக் கட்டத்தில் எழுதுகிறேன்.

ரெஜினோல்ட் சூசைதாசன், நாற்பத்தாறு.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்.
ஒரு ஷிப்டில் இருநூறு பெட்டி இறக்கினவராம்,
எமில்டா சொன்னாள், நான் கேட்காமலே.
இப்போது ஒரு கோப்பைப் பால் இறங்க
ஒரு பகல் போதவில்லை.

ஐந்தாம் மாடி ஜன்னலுக்கு வெளியே
முறைக்குக் காத்து நிற்கும் கப்பல்களின் விளக்கு.
நான் உவமை தேடிப் போகவில்லை.
அது அங்கேயே நின்றது.

வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கிறேன்.
ஒரு நிமிடம்.
இன்னொரு நிமிடம்.
வென்டிலேட்டர் தவிர யாரும் பேசவில்லை.
நுரையீரலுக்காக அவரை உறங்கவைத்தோம்;
பென்டனில் குடலையும் சேர்த்து உறங்கவைத்துவிட்டது.

தலைமாட்டை இன்னும் உயர்த்துகிறோம்.
பொட்டாசியம் குறைவு, ஏற்றுகிறோம்.
பென்டனிலைக் கொஞ்சம் இறக்குகிறோம்.
மெட்டோகுளோபிரமைட் பத்து மில்லிகிராம்,
எட்டு மணிக்கொருமுறை.
இரவு நானூற்று எண்பது.
விடிய நானூற்றுத் தொண்ணூறு.

ஐந்து மணிக்குக் கண்ணாடிக் கதவு திறக்கும்.
எமில்டா நுரையீரலைப் பற்றிக் கேட்பதே இல்லை.
"இண்டைக்குச் சாப்பிட்டவரா, டொக்டர்?"
ஆறு நாளும் "கொஞ்சம்" என்றேன்.
ஏழாம் நாள் அந்தச் சொல் வாய்க்குள்ளேயே நின்றது.

எரித்ரோமைசின் சேருங்கள் என்றார் பெரியவர்.
கிருமியைக் கொல்லச் செய்த மருந்து.
வயிற்றைப் பிடித்து உலுக்குவது அதன் கெட்ட குணம்;
வெளிநோயாளிகள் அதைத் திட்டித் திட்டித்தான் விழுங்குவார்கள்.
எங்களுக்கு இப்போது
அந்தக் கெட்ட குணம் மட்டும் வேண்டும்.

முதலில் ஈசிஜி.
கியூவிலிருந்து டீ வரை அடிமட்டம் வைத்து அளக்கிறேன்.
வயிற்றை எழுப்பப் போய்
இதயத்தை இடறவைத்துவிடக் கூடாது.
நானூற்று முப்பது. போகலாம்.

ஊசிமருந்து வோட்டில் முடிந்திருந்தது.
துண்டெழுதிக் கொடுத்தேன்.
மழைக்குள் மூன்று பார்மசி ஏறி இறங்கி
நாலு குப்பியோடு வந்தாள்,
மிச்சக் காசை உள்ளங்கையில் எண்ணியபடி.
நனையாதது குப்பிகள் மட்டும்.

மூன்று நாலு நாளுக்கு மேல்
இந்த மருந்தின் பேச்சை வயிறு கேட்காது.
அதற்குள் நடக்கவேண்டும்;
நடக்காவிட்டால் சிறுகுடல் வரை நீளக் குழாய்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

முந்நூற்றுப் பத்து.
இருநூற்று ஐம்பது.
நூற்று நாற்பது, பச்சையில்லை.
இரண்டாம் இரவு மூன்று மணிக்கு
மேசையில் தலைவைத்துக் கிடந்தேன்.
திரைக்குப் பின்னாலிருந்து நில்மினி
கூவினாள், கிட்டத்தட்டப் பாட்டாக:
"டொக்டர், கக்கா!"
அவள் மொழியிலும் என் மொழியிலும் அதே சொல்.
மூக்கைப் பொத்திக்கொண்டு இருவரும் சிரித்தோம்,
பிள்ளை பெற்ற வீட்டுக்காரர் மாதிரி.
பக்கத்துக் கட்டிலின் அலாரம் அடித்தது. ஓடினோம்.

மாலை ஐந்து மணி.
"செமிக்குது" என்றேன்.
எமில்டா தலையாட்டினாள், அழவில்லை.
அவருடைய காலைத் தொட்டுப் பார்த்தாள்.
கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது;
நுரையீரல் படமும் வெள்ளையாகத்தான் இருந்தது.

பிறகு நடைவழி வாங்கில்
பையைத் திறந்து ஒரு மீன் பணிஸ் எடுத்தாள்.
எப்போது வாங்கியதோ.
மெல்ல மென்றாள், யாரோ ஊட்டுவது போல.
இடையில் நிறுத்தி, தாளை மடித்தாள்.

பழக்கத்தில்
மீதியைப் பார்த்தேன்.
பாதி.