நீல நாடா

தெலுக் பிளாங்கா, இருபத்து மூன்றாம் மாடி.
சாவி கைக்கு வந்து இரண்டு நாள்.
இங் ஹோக் செங் காலணியைக் கழற்றி
வாசலுக்கு வெளியே ஒழுங்காக வைக்கிறார்,
உள்ளே ஏற்கெனவே யாரோ குடியிருப்பதுபோல.

என் வேலை தட்டிப் பார்ப்பது.
எஃகுக் குண்டு வைத்த கோலை நீட்டி
டைலுக்கு ஒரு தட்டு.
நன்றாகப் பதிந்தது ‘டக்’கென்று முடித்துக்கொள்ளும்.
அடியில் காற்றிருந்தால்
‘டொக்’கென்று ஏதோ சொல்ல வரும்.
அதன்மேல் நீல நாடா.

அலையை நினைத்து வரைந்த கட்டடமாம்.
நல்ல அலைதான்,
அலமாரி சாய்க்க நேர்ச்சுவர் ஒன்றில்லை.
என் மூலைமட்டம் பையைவிட்டு வரவேயில்லை.

கீழே
கப்பல்களின் அடிவயிற்றைக் காயவைத்த பள்ளம்.
கற்படிகளை விட்டுவைத்து
மதகைக் கழற்றிக் கடலை உள்ளே விட்டிருக்கிறார்கள்.
வெள்ளைப் படகுகள், வார நாளென்பதால்
ஆளில்லாமல் தலையாட்டுகின்றன.

அங்கேயும் தட்டித்தான் பார்த்திருப்பார்கள்,
துரு தின்ற தகடு எது, தாங்கும் தகடு எதுவென்று.
அவர்களில் என் ஆள் எவருமில்லை.
அப்பா டாக்சி ஓட்டினார்,
செந்தோசா கேபிள் காருக்கே குமட்டும் அவருக்கு.

“தொண்ணூற்றொன்பது வருடம்” என்கிறார் ஹோக் செங்,
பால்கனிக் கண்ணாடியில் கைரேகையைத் துடைத்தபடி.
“கட்டி முடிப்பதற்குள் ஐந்து போய்விட்டது.”
மிச்சத்தை நான் கணக்கிடவில்லை.
அதற்கு நாடா கிடையாது.

கடைசியாகக் காப்பறை.
குண்டு விழுந்தால் ஒதுங்க, ஜன்னலில்லாத பெட்டி.
கப்பலிலிருந்து பெயர்த்து வந்ததுபோல் கதவு,
இரும்பு, சக்கரமில்லை, தாழ்கள்தான்.
மூலைமட்டத்தை எடுத்தேன்.
நான்கு மூலையும் நேர்.
முழு வீட்டிலும் நேர் இங்கேதான்,
இங்கேதான் ஆணி அடிக்கக்கூடாது.

“சாத்திப் பார்க்கலாமா?”
உள்ளே போய் அவரே சாத்திக்கொண்டார்.

நான் வெளியே நின்றேன்.
அறுபத்தோரு நீல நாடாக்கள் காற்றில் ஓரம் படபடத்தன.
எங்கோ ஒரு கப்பல் ஊதியது, நீளமாக,
இந்த வளைவுகளுக்குள் வழிதெரியாமல் கொஞ்சநேரம் சுற்றியது.

உள்ளிருந்து ஒரு தட்டு.
பதிலுக்கு நானும் தட்டினேன்.
இன்னொன்று.
காது வைத்தேன், பழக்க தோஷம்.
தகடு சரி.
ஆளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

வெளியே வந்தவர் வியர்த்திருந்தார்.
“போன் எடுக்கவில்லை” என்றார்,
ஏதோ கூடுதலாகக் கிடைத்ததுபோல.
“குறையாக எழுதிடாதீங்க.”

எழுதவில்லை.