கட்டைவிரல் ஏற்கப்படவில்லை

புதுவயல் அரிசி ஆலைகளின் தவிட்டுத் தூசு
கல்லாவில் வந்து படியும் உரக்கடை எங்களுடையது.
எங்களுடையது என்று வாய்தான் சொல்கிறது.
முதலாளிக்குக் கடை, எனக்கு நாற்காலி,
நாற்காலிக்கு முன்னால் ரேகை பார்க்கும் எந்திரம்.

ஆதார் எண். அப்புறம் விரல்.
பச்சை எரிந்தால் யூரியா.

செவுகன் விரலை வைத்தார். சிவப்பு.
தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றி வைத்தார். சிவப்பு.
வேட்டியில் துடைத்து, ஊதி, மறுகை.
சிவப்பு.
மண்வெட்டி தின்றதா, இருபத்தாறு வருஷம்
வெறுங்கையால் வாரி இறைத்த உப்பு தின்றதா,
யார் கண்டது.
"சர்வர் சரியில்லைண்ணே" என்றேன்.

நாலு மூட்டை கேட்டு வந்தவர்.
போன வருஷம் மூன்று, அதற்கு முன் இரண்டு,
அதே ஒன்றரை ஏக்கர் சரளைச் செம்மண்.
மூட்டை ஏறிய கணக்கு என் பில் புத்தகத்தில்,
நெல் ஏறாத கணக்கு அவர் வீட்டுக் குதிரில்.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில்
வாங்க மறந்த அவருடைய மண்வள அட்டை.
எடுத்துப் படித்தேன்.
அங்ககக் கார்பன், புள்ளிக்குப் பின் இரண்டு.
தழைச்சத்து குறைவு. மணிச்சத்து குறைவு.
அமிலம் மட்டும் அதிகம்.

"டிஏபி டிஏபியாக் கொட்டுறேன்,
குறைவுன்னா எங்க போச்சு?"

எங்கேயும் போகவில்லை.
கண்டனூரில் நாற்பது அறை வீடு ஒன்று உண்டு.
உள்ளே அண்டா அண்டாவாக வெண்கலம், சாவி பினாங்கில்,
வாசலில் காவல்காரர் ரேஷன் அரிசி பொங்குகிறார்.
"உங்க மண்ணுல இரும்பு சாஸ்திண்ணே,
மணிச்சத்தைப் பிடிச்சு வச்சுக்குது.
யூரியா கூடக் கூடப் புளிப்பேறும், பிடி இறுகும்.
வேர்கிட்ட சாவி இல்ல."

"அப்ப பூட்டுன வீட்டுக்கு
வருஷா வருஷம் வரி கட்டுறேன்."
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
"தழைச்சத்தும் உள்ளதான் கெடக்கா?"
"அது ஓடுகாலிண்ணே. பாதி காத்துல,
மீதி ஐப்பசி மழையில."
எங்கே இறங்கியது என்று அவருக்கே தெரியும்.
போன கார்த்திகையில் ஊருணி பாசி பூத்து,
குடத்தின் அடியால் பச்சையைத் தள்ளித் தள்ளி
நீர் மொண்டார்கள்.
விடிகாலையில் கெண்டைகள் வாயைத் திறந்து
மேலே மேலே வந்தன.

கடைசியில் மருமகள் முத்தாத்தாள் விரலுக்குப் பச்சை.
இருப்பில் இருந்தது மூன்றே மூட்டை.
கூடவே, யாரும் கேட்காத துத்தநாகப் பொட்டலம்
முதலாளி உத்தரவுப்படி தலையில் கட்டினேன்.
பில்லில் என் கையெழுத்து, அழகாகவே விழுந்தது.

நாலாவது துண்டு வயலுக்கு உரம் இல்லை.
கீதாரியிடம் சொல்லி நாலு ராத்திரி கிடை போட்டிருக்கிறார்.

மாசியில் வந்தார்.
கையில் பால் கவர், அதில் மண்.
"அந்தத் துண்டுல ரெண்டு மூட்டை கொறச்சல்."
"பின்னே ஏன்ணே இதைக் கொண்டு வந்தீங்க?"
"மண்வெட்டி சத்தம் மாறியிருக்கு.
மத்த வயல்ல ணங்குனு கேக்கும்.
இதுல பொத்துனு எறங்குது. அதையும் எழுது."

அட்டையில் பன்னிரண்டு கட்டங்கள்.
சத்தத்துக்கு ஒன்றும் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் 'பொத்' என்று எழுதி
கவரின் வாயைக் கட்டப் போனேன்.
உள்ளே நூல் மாதிரி ஏதோ நெளிந்தது.
கட்டாமல் வைத்தேன்.

அடுத்த ஆள் விரலை நீட்டினார்.
சிவப்பு.