வெள்ளி ஐந்து, பாக்கி

வக்கீல் ஞானாதிக்கத்தின் வாழ்க்கையை எழுதித் தரச் சொல்கிறார்கள்.
பினாங்கில் படத்திறப்பாம்.
இருபத்தாறு வருஷம் அவருடைய குமாஸ்தா நான்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் வரவுப் புத்தகம்.

முதல் வழக்கு ஒரு மாட்டுக்காக. தோற்றார்.
பிறகு மிளகு வியாபாரிகள், சாராயக் குத்தகைக்காரர்கள்,
கப்பல் உடைந்தவர்கள்,
கப்பலை உடைத்தவர்கள்.
இரட்டைக் குதிரை வண்டி வந்தது.
கழுத்துப்பட்டைச் சலவைக்கு மட்டும்
மாதம் மூன்று வெள்ளி.
அப்புறம் கரும்புத் தோட்டத்துத் துரைமார்.
அவர்கள் பேரம் பேசுவதில்லை.

படகில் பிறைக்கு, அங்கிருந்து மாட்டுவண்டி,
நிபோங் திபாலுக்கு மாதம் இரண்டு தடவை.
ஆற்றோரம் அத்தாப்புக் கூரைக் கோர்ட்டு.
ஆலையில் பாகு காயும் வாடை
சாட்சிக் கூண்டுவரை வரும்.
எல்லாம் ஓடிப்போன கூலிகள்மேல் பிராது.
ஒரு காலையில் பதினொன்று முடிப்பார்,
பன்னிரண்டாவதற்கு முன் இளநீர்.

அன்று பன்னிரண்டாவது செம்பாயி.
செக்ரோலில் இருநூற்று ஏழு.
கூண்டில் ஏறியவள் மாஜிஸ்திரேட்டைப் பார்க்கவில்லை.
தமிழ் முகம் தேடி, இவரைக் கண்டு,
"நல்லவேளை, நம்ம ஐயா வந்துட்டாக" என்றாள்.
துபாசி அதை மொழிபெயர்க்கவில்லை.

முச்சலிக்காவை மேசையில் வைத்துவிட்டு
உட்காருவதுதான் அவர் வழக்கம்.
அன்று கையில் எடுத்து வாசித்தார்.
தேதியை வாசித்தார்.
நிறுத்தி, இன்னொரு தரம் வாசித்தார்,
மாஜிஸ்திரேட் விரல் மடக்கி எண்ணும்வரை.
மூன்று வருஷம் முடிந்த
ஒன்பதாம் நாள்தான் அவள் லயத்தைவிட்டு இறங்கியிருக்கிறாள்.
ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைக்
கிராணி சேர்த்துக் கட்டியிருந்தான்,
யார் உத்தரவும் இல்லாமல்.

துரையின் கழுத்து சிவந்தது.
"எனக்கே இது புதிது" என்றார் வக்கீல்.
முந்தின இரவு விளக்கடியில்
அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தவன் நான்.
இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

திரும்பும் படகில் கேட்டேன்,
துரை கணக்கில் இன்றைய கட்டணம்?
"எழுது."
எழுதினேன்.
"அதற்குக் கீழே, செம்பாயி, ஆலோசனைக்கு, வெள்ளி ஐந்து."
அவளுடைய இரண்டு மாதக் கூலி அது.
அவளுக்குத் தெரியுமா என்றேன்.
கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுமாதம் அதே துரைக்காகப் போனோம்.
பதினான்கு பேர் ஓடியிருந்தார்கள்.
தேதிகளெல்லாம் சரியாக இருந்தன.
பதினான்கு பேரும் உள்ளே.
இளநீர் குடித்தார்.

ஒவ்வொரு தை மாதமும் புதுப் புத்தகத்தில்
அந்த ஐந்தை முதல் வரியாக ஏற்றுவேன்.
தள்ளிவிடலாமே என்றால்,
"அவள் தரமாட்டாள் என்று உனக்கு யார் சொன்னது?"

அவர் போன பிறகு மகன் வந்து
சிவப்பு மையைத் தொட்டான்.
கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி
நானே வண்டி கட்டி நிபோங் திபாலுக்குப் போனேன்.
மூன்று செம்பாயிகள் இருந்தார்கள்.
ஒருத்தி கோழி விற்பவள், ஒருத்திக்குக் கண் தெரியாது,
ஒருத்தி கைப்பிள்ளையோடு.
கோர்ட்டுப் பக்கமே வந்ததில்லை என்று
மூவரும் சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.