முப்பத்தேழு வெளியே

வடக்கே கடல்வழி அடைபட்டுப் பத்தொன்பது நாள்.
டர்பன் துறைமுகத்துக்கு வெளியே முப்பத்தேழு கப்பல்,
பென்ஷன் தேதியில் தபாலாபீஸ் வாசல் மாதிரி.

இழுவைப்படகின் சமையலறையில்
ஒரு பன்னி சோவை நாலு பேர் பிய்த்தபடி
உலக வணிகத்தைக் காப்பாற்றுகிறோம்.

சக்கரம் மாட்டு, என்கிறான் குபேந்திரன்
(மச்சானுக்கு டயர் கடை).
எழுநூறு போதும். ஸ்டெப்னி ரெண்டு.

கரைமணலில் நல்லெண்ணெய் ஊற்றி
வழுக்கிவிடலாம் என்ற சரோஷினி
லிட்டர் விலை ஞாபகம் வந்து
தானே வாபஸ் வாங்கினாள்.

அதிகம் பேசாத சிபுசிசோ
ரொட்டியை மூன்றாய் அறுத்தான்.
மூக்கு, வயிறு, வால்.
லாரியில் ஏற்று. அந்தப் பக்கம் ஒட்டு.
எண்ணெய்க் கப்பலென்றால்? என்றேன்.
குழம்பு அதற்குள்
வரைபடத்தில் வழிந்திருந்தது.

என் திட்டம் ஏற்றப்பலகை.
இந்தக் கோடியில் ஒரு கப்பல்,
அந்தக் கோடியில் அதே எடைக்கு இன்னொன்று,
தானாக எழும்பும்.
அந்த இன்னொன்றை
அங்கே கொண்டுபோனது யார்?
கெட்டில் மட்டும் கொதித்தது.

ரேடியோ கரகரத்தது. வரிசையில் பதினாலாவது.
எப்போது உள்ளே விடுவீர்கள் என்று கேட்கவில்லை.
சமையல்காரருக்குப் பல்வலி, என்றது குரல்,
கிராம்பு தீர்ந்துவிட்டது.

இதற்கு எங்களிடம் பொறியியல் இருந்தது:
பைலட் படகு, கயிறு, வாளி,
சரோஷினியின் மசாலா டப்பா.

விடியும்போது முப்பத்தெட்டு.
ஓவர்டைம் தாளில் வரிசையாய்க் கையெழுத்திட்டோம்.
வழி சீக்கிரம் திறக்கட்டும் என்று
யாருமே சொல்லவில்லை.
என் கூரைத் தகரத்துக்கு
இன்னும் ஆறு இரவு வேண்டும்.