வலது கால்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
உதிரிபாகக் கடை.
போல்ட்டு எண்ணுகிற நேரம் போக
பழைய படங்களில் இருக்கும் வண்டிகளுக்குப்
பேர் சொல்வேன்.
"சார் இல்லியா?" என்பார்கள்.
"நான்தான் அந்த சார்."
சேலைத்தலைப்பில் கிரீஸைத் துடைத்துவிட்டுக்
கை நீட்டுவேன்.

முதலில் வந்தவர் கருங்கல் பாக்கியநாதன்.
கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி,
கண்ணிமைக்காத ஒரு மீசை.
"எனக்க அப்பனுக்க வண்டியாக்கும்.
என்ஃபீல்டுதானே?"
இல்லை.
முன்பக்கம் கம்பிகோத்த ஃபோர்க்கு,
தட்டையான டேங்க்கு,
பி.எஸ்.ஏ., எம் இருபது.
பட்டாளத்துக்குச் செய்தது,
சண்டை ஓய்ந்தபின் ஏலத்தில் கரையேறியது.
எம் இருபது, எம் இருபது என்று
பஸ் ஸ்டாண்டு வரை
முணுமுணுத்துக்கொண்டே போனார்,
மருந்துப் பேரை மறக்காமல் கொண்டுபோகிறவர் போல.

பிறகு தக்கலை மைதீன் பிள்ளையின் பேரன்.
பிறகு குலசேகரம் எஸ்டேட்டில்
கங்காணியாக இருந்த ஏசுவடியானின் மருமகள்.
பிறகு குளச்சல் கஸ்பாரின் மகள், மீன்வாசத்தோடு:
"இந்த வண்டியிலதான் அம்மையக் கெட்டிக்
கொண்டு வந்தாரு. ஊரே பாத்துது."
எல்லாம் எம் இருபது.
இத்தனை எம் இருபதா இந்த ஜில்லாவில் என்று
அப்போதே எனக்கு ஒரு உறுத்தல்.

எதையும் படியெடுத்து வைத்துக்கொள்வது வழக்கம்.
ஐப்பசியில் ஒருநாள் கரண்டு போனது.
மேம்பாலத்து ஓட்டை வழியாக மழை
வாசலில் கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.
நாலு படத்தையும் மேசையில் பரத்தி
டார்ச்சு அடித்தேன்.

டேங்க்கில் ஒரே நெளிவு,
கட்டைவிரலால் அமுக்கினது மாதிரி.
பின்னால் தொங்கும் திரையில்
ஒரே கலங்கரைவிளக்கம், ஒரே கிழிசல்.
நாலு ஆம்பிளைக்கும்
வலது கால் ஒரே இடத்தில், ஒரே சாய்வில்,
யாரோ குனிந்து நகர்த்தி வைத்ததுபோல்.

அந்தக் காலுக்குப் பின்னால் என்ன என்று
ரெண்டு மாசம் தெரியவில்லை.

முளகுமூட்டிலிருந்து வியாகப்பன் வந்தார்,
மட்டிக்குலை வியாபாரம், முழங்கால் வலி.
அவர் கொண்டுவந்த படத்தில் அவருக்கே எட்டு வயசு.
புதுநன்மை உடுப்பு, மெழுகுதிரி,
அதே டேங்க்கு, அதே நெளிவு.
கால் எட்டவில்லை.
எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில்
திரையில் வரைந்த கடல்,
இரண்டு அலையும் ஒரு பாய்மரமும்.

"உள்ள ஒண்ணும் கிடையாதுல்லா,"
அவர்தான் சொன்னார், சிரிக்காமல்.
"ஸ்டுடியோக்காரன் எஞ்சின எப்பமோ வித்துட்டான்.
சத்தத்த நீதான் போடணும்னு சொன்னான், போட்டேன்."
இரும்புநாற்காலியில் உட்கார்ந்தபடி
இப்போதும் போட்டுக்காட்டினார்.
பக்கத்துக் கடைப் பையன் எட்டிப் பார்த்தான்.

அவர் போனபின்
லென்ஸ் எடுத்து அந்த நாலு பேரின்
உதட்டைத் தேடினேன்.
மைதீன் பிள்ளை இறுக்கமாக மூடியிருக்கிறார்.
கங்காணியின் மீசை எதையும் காட்டாது.
பாக்கியநாதனின் அப்பாவுக்கு
படமே அந்த இடத்தில் பூசணம்.
கஸ்பாருக்கு மட்டும் உதடு
கொஞ்சம் குவிந்த மாதிரி.
என் கண் விரும்பினதாகவும் இருக்கலாம்.

குளச்சலுக்கு ஒரு ஃபோன் போட்டேன்.
"எந்த ரோட்டுல வந்தாரு, அம்மையோட?"
"திங்கள்சந்தை வழியா.
அம்மை சாவுற வரைக்கும் சொல்லும்,
காதே அடைச்சுப் போச்சுண்ணு."

நோட்டைத் திறந்து ஐந்தாவது வரியில் எழுதினேன்:
பி.எஸ்.ஏ., எம் இருபது. வலதுபக்கப் படம்.
நிலை என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
ஓடும், என்று போட்டேன்.