பிளேன் மோட்

ஸ்காபரோவிலிருந்து மயூரதாசன் அனுப்பிய வாசிப்புக் கருவி
என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது.
ஆயிரம் புத்தகம் கொள்ளுமாம்.
கோண்டாவிலில் இந்த வீட்டில்
ஆயிரம் புத்தகம் வைக்க இடமில்லை,
கறையானுக்கு மட்டும் இடமுண்டு.
நன்றி சொன்னேன். பொய்யாக இல்லை.
கரண்ட் போனாலும் எழுத்து தெரிகிறது,
நாற்பத்தாறு வயதுக் கண்ணுக்கு அது சின்ன உதவியா?

மூன்றாம் இரவு ஒரு வரியின் கீழே
புள்ளிக்கோடு ஓடக் கண்டேன். தொட்டேன்.
"இருபத்தேழு பேர் இதை அடிக்கோடிட்டிருக்கிறார்கள்" என்றது.

ஆர் அந்த இருபத்தேழு பேர்?
ஆர் இருந்து எண்ணினது?

எண்ணுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.
நான் விதானை.
நானூற்றுப் பன்னிரண்டு குடும்பம் என் பிரிவில்.
ஆர் பிறந்தது, ஆர் செத்தது, ஆருக்கு மலசலகூடம் இல்லை,
எந்த வீட்டுப் பெடியன் எந்த நாட்டில்,
எல்லாம் என் அலுமாரியில், பச்சைக் கோப்பில்.
போன மாசம் ஒருவர் வந்தார், சிவில் உடுப்பு,
தேத்தண்ணி வேண்டாம் என்றார், மரியாதையான ஆள்.
"சும்மா ஒரு விபரம்தான் மிஸ்."
கடிதம் கொண்டு வாங்கோ என்றேன். சிரித்தார்.
அவர் போன பிறகு அலுமாரியைப் பூட்டினேன்,
திறந்தேன், திரும்பப் பூட்டினேன்.
நிவாரணத்துக்கென்றுதான் அந்தப் பட்டியலை எழுதினது.
ஆனால் அது பட்டியலுக்குத் தெரியாதே.

தொண்ணூற்றேழில், சென்றியில்,
என் பையைக் கவிழ்த்துக் கொட்டினான் ஒருவன்.
உயிரியல் கொப்பி, சாப்பாட்டுப் பெட்டி,
இரவல் வாங்கிய ஒரு கவிதைப் புத்தகம்.
தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு தாளாகப் புரட்டினான்.
உதறினான். ஒரு பஸ் டிக்கெட் விழுந்தது.
"ஹரி, யன்ன."
நான் நடுங்கினது உண்மை.
ஆனால் எந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன்,
எந்த வரியில் நின்று அழுதேன்,
அவனுடைய துவக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.
அவனுக்குத் தமிழ் தெரியாததை
இத்தனை வருசம் அவமானமாகவே நினைத்திருந்தேன்.

இந்தச் சாமானுக்குத் தமிழ் தெரியும்.
துவக்கில்லை, பூட்ஸில்லை, குரல்கூட உயர்த்தாது.
"உங்கள் அனுபவத்தை மேம்படுத்த" என்று கேட்டது.
கீழே இரண்டு கட்டம்: சம்மதம், பிறகு பார்க்கலாம்.
மாட்டேன் என்பதற்குக் கட்டமில்லை.
எங்கள் கந்தோர்ப் படிவத்தில்கூட
இல்லை என்பதற்கு ஒரு கட்டம் விடுகிறோம்.

"நீ என்ன பெரிய ஆளே,
உன்னைப் பாத்து அவைக்கு என்ன வரப்போகுது?"
போனில் சிரித்தான் மயூரதாசன்.
அவனுக்கு ஒளிக்க ஒன்றுமில்லையாம்.
போன ஆடியில் வந்து நின்றபோது
என் குளியலறைக் கொண்டி இறுகவில்லையென்று
தச்சனைக் கூப்பிட்டு மாற்றினவன் அவன்தான்.

போன கிழமை ஒரு புத்தகத்தைக் காணவில்லை.
அறுபத்தொன்றாம் பக்கத்தில் இருந்தேன்.
"இந்தத் தலைப்பு உங்கள் பிரதேசத்தில் கிடைக்காது."
எரித்தால் மணக்கும்.
அந்த முறை ஊர் முழுக்க மணந்ததாம், அம்மா சொல்வா.
திரையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.
ஒரு மணமும் இல்லை.

இப்போது இரவில் ஒரு காரியம் செய்கிறேன்.
மேலிருந்து விரலால் இழுத்தால்
குட்டிப் பிளேன் படம் ஒன்று வரும்.
அழுத்துவேன்.
பிளேன் சத்தத்துக்குப் பங்கருக்குள் பாய்ந்து
பல்லிடுக்கில் தடி கடித்துக் குந்தியிருந்தவள் நான்.
இன்றைக்குப் பிளேன்தான் பங்கர்.

உள்ளே இருந்து வாசிக்கிறேன்.
பிடித்த வரி வந்தால் திரையைத் தொடுவதில்லை.
பழைய வவுச்சர் ஒன்றின் பின்பக்கத்தில்
பென்சிலால் எழுதி வைக்கிறேன்,
எனக்கே சிலவேளை விளங்காத கோழிக்கிறுக்கலில்.

விடிய வைஃபை போட்டதும்
எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிடும் என்றான்
கந்தோரில் கணினி பார்க்கிற நிரோஜன்.
அதை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இரவைக்கும் அழுத்துவேன்.
விடியும்வரையாவது
இருபத்தேழு இருபத்தேழாகவே இருக்கட்டும்.