எடை போடுகிறவள்

ஆட்களை எடைபோடக் கூடாது என்பார்கள்.
எனக்கு அதற்குத்தான் சம்பளம்.

லிம் ஃபியோர்டின் வடகரை.
பன்னிரண்டு கூண்டு வைத்த ராட்சதச் சக்கரம்,
ஆறு மோதும் கார்கள், அதில் இரண்டு மோதாது,
நான்கு வாத்துப் படகு,
தோர்கில்லின் உருளைக்கிழங்கு வறுவல் கடை.
எங்களைத் தேடி யாரும் விமானம் ஏறுவதில்லை.
பெரிய பூங்காவுக்குப் போகிற வழியில்
பிள்ளைக்கு அவசரமாய் வந்தால் நிறுத்துகிறார்கள்,
பிறகு பிள்ளை சக்கரத்தைப் பார்த்துவிடுகிறது.

சீட்டைக் கிழிக்கும் நொடியில் தோளைப் பார்ப்பேன்,
பலகையில் காலணி விழும் ஓசையைக் கேட்பேன்.
தொண்ணூற்றைந்து. மூன்றாம் கூண்டு.
எதிரே ஒன்பதுக்கு ஏறக்குறைய அதே கனம் வேண்டும்,
இல்லையென்றால் சக்கரம் ஒருபக்கமாய் இழுக்கும்,
மோட்டார் முனகும்.
காதலர்களை இதுவரை பிரித்ததில்லை.
அண்ணன் தம்பிகளைப் பிரித்திருக்கிறேன்,
நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்டு, செவ்வாய், நாலு நாற்பது.
காற்று எங்கோ ஒரு கம்பியை அறுத்தது.
பாட்டு பாதிச் சொல்லில் நின்றது.
மேலே பத்தொன்பது பேர்.
கைப்பிடியை மாட்டினேன்.
ஒரு கூண்டு நகர நாற்பது சுற்று.

இறக்குவதற்கும் கணக்கு உண்டு.
இரண்டைக் காலி செய்தால் அடுத்தது எட்டு,
ஐந்துக்குப் பிறகு பதினொன்று.
"எங்களை விட்டுவிட்டு அவர்களா?" என்று
ஐந்தாம் கூண்டு கத்தியது.
பதினொன்று என்னைப் பார்த்துக் கையாட்டியது.
ஒருவன் வாந்தி எடுத்தான்,
தன் தொப்பிக்குள், நாகரிகமாக.

கடைசியில் ஒன்பதில் ஒருத்தி மட்டும்,
உச்சியில்.
தனியாக வந்தவள். அறுபத்தெட்டு, ஈரக் கோட்டோடு எழுபது.
எதிரே கனமில்லாமல் அவளைத் திருப்பினால்
கைப்பிடி என் முழங்கையை உடைத்துவிடும்.
தோர்கில்லைக் கூப்பிட்டேன்.
ஒரு மூட்டை உருளைக்கிழங்கோடு
மூன்றில் வந்து உட்கார்ந்தான்.
பதினான்கு பருவமாய் இங்கே வேலை பார்க்கிறான்,
ஒருநாளும் ஏறினதில்லை.
"சும்மா எடைக்குத்தானே?" என்றான்.
"சும்மா எடைக்குத்தான்" என்றேன்.

கைப்பிடியைத் தொட்டதும் மேலிருந்து குரல்:
"அவசரமில்லை."
கேட்காததுபோல் நின்றேன்.
"பாட்டு நின்றபிறகுதான் நன்றாக இருக்கிறது.
ஐந்து நிமிஷம் தருவீர்களா?"
விதிப்புத்தகத்தில் அப்படியொரு பக்கம் இல்லை.
தந்தேன்.
கொடிக்கயிறு கம்பத்தில் தட்டிக்கொண்டிருந்தது.
தோர்கில் ஒரு கிழங்கை எடுத்து
முளையைக் கிள்ளினான்.
அவள் என்ன பார்த்தாள் என்று தெரியாது.
கீழிருந்து தெரிந்தது கூண்டின் அடித்தகடு,
அதில் நான் ஏப்ரலில் பூசிய துருத்தடுப்பு,
ஒரு மூலையில் பூச மறந்த இடம்.

பிறகு சுற்றினேன், இருநூற்று நாற்பது.
அவள் இறங்க இறங்க அவன் ஏறினான்.
பாதி வழியில் இருவரும் ஒரே மட்டத்தில்,
பக்கத்து வீட்டு ஜன்னல்களில் நிற்பவர்கள்போல்
தலையசைத்துக்கொண்டார்கள்.

அவள் இறங்கினாள். படிவத்தில் கையெழுத்திட்டாள்:
டாக்னி ஹவ்பியர்.
பணம் திருப்பித் தரவா என்றேன்.
இன்னும் கொஞ்சம் கேட்டாலும் தருகிறேன் என்று
சில்லறையைத் தேடினாள்.
ஐந்தே முக்கால் பேருந்து வந்தது, போனாள்.

அப்போதுதான் இருவரும் ஒன்றாகப் புரிந்துகொண்டோம்,
நான் கீழே, அவன் உச்சியில்.
எதிரே யாருமில்லை.
எடைபோடுகிறவள் ஒருத்தியைத் தவிர,
நான் ஏறினால் சுற்ற ஆளில்லை.

மின்சாரம் வர ஏழு பத்து ஆனது.
அதுவரை அவன் கண்ணை இறுக மூடியிருப்பான் என நினைத்தேன்.
ஆறரை மணிக்கு மேலிருந்து கத்தினான்:
"விபெக்க, என் கடைக்கூரையில்
ஒரு காலணி கிடக்கிறது!"
கொஞ்சம் கழித்து:
"இடதுகால்!"

படிவத்தில் தாமதத்துக்குக் காரணம் கேட்டிருந்தார்கள்.
காற்று என்று எழுதினேன்.
காயம்: இல்லை.
மேலே மிஞ்சியவர்கள்: ஊழியர் ஒருவர்,
கிழங்கு ஒரு மூட்டை, ஏறக்குறைய.
மறுநாள் அதைத்தான் வறுத்தான்.
வாங்கியவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.
காலணியை மட்டும் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்திருக்கிறான்,
அளவு முப்பத்தொன்பது,
யாராவது கேட்டு வந்தால் கொடுக்க.